வலது பையும் இடது பையும்

மூன்று நாள் விடாத மழையில் ஓட்டிக்கொண்டு வந்து, மலையடிவாரத்தில் ஒரு விடுதியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். பின்சீட்டின் இருபுறமும் தொங்கும் தோல் பைகள் என்னைவிட அதிகமாக நனைந்திருந்தன. பன்னிரண்டு வருடமாக என்னோடு சுற்றுபவை. மழையுறை கொண்டுவந்திருந்தேன்தான், முதல் நாள் மதியமே அது காற்றில் கழன்று போய்விட்டது. அந்த மழையில் திரும்பிப் போய்த் தேட மனம் வரவில்லை.

அறையில் சின்னதாக ஒரு ஹீட்டர், அதன் முன்னால் ஒற்றை நாற்காலி. ஒரு பைக்குத்தான் இடம். வலது பையை அதில் சாய்த்து, ஹீட்டரை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். இடது பைக்குள் பழைய காகிதத்தைச் சுருட்டித் திணித்து, கதவுக்குப் பின்னால் இருந்த கொக்கியில் மாட்டிவிட்டுப் படுத்தேன்.

காலையில் வலது பை சுத்தமாகக் காய்ந்திருந்தது. சந்தோஷமாக மூடியைத் தூக்கினால் பலகை மாதிரி விறைத்து நின்றது. கொஞ்சம் அழுத்தினேன். மடிப்பில் மெல்லிய சத்தத்தோடு ஒரு விரிசல் ஓடியது. இடது பை இன்னும் ஈரம்தான், ஆனால் கை வைத்த இடத்தில் குழைந்து கொடுத்தது. கவனித்துக்கொண்ட பை கெட்டுவிட்டது, கைவிட்ட பை பிழைத்துக்கொண்டது.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகள் பின்னிக் கிடக்கும் ஒரு வலை. பதனிடும்போதே அந்த இழைகளுக்கு நடுவே எண்ணெய்ப் பசை ஏற்றிவிடுகிறார்கள். ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போவதற்காக. தண்ணீர் உள்ளே புகுந்து அவசரமாக வெளியேறினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விறைப்பு அதனால்தான். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல், ஈரமாக இருக்கும்போது 70 முதல் 85 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல் 100 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். நம் பை எந்த வகை என்று தெரிய, சாயம் ஏறாத வெட்டு விளிம்பைப் பார்த்தால் போதும். குரோம் தோலின் நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும், மற்றது முழுக்கப் பழுப்பு. என்னுடையது பழுப்பு. போதாக்குறைக்கு என் வண்டியில் சைலன்சர் இருப்பதும் வலது பக்கம்தான். ஹீட்டரைக் குறை சொல்கிறேனே தவிர, சைலன்சர் வருடக்கணக்காக அந்தப் பையின் அடிப்பாகத்தை வாட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அடுத்த தப்பு இன்னும் பெரியது. பயந்துபோய், வழியில் ஒரு பாட்டில் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் வாங்கினேன். மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது, தோலுக்கென்றே பழங்காலத்திலிருந்து இருப்பது. சரி, நல்ல மருந்துதானே என்று பாதி பாட்டிலை வலது பையின்மேல் ஊற்றித் தேய்த்தேன். தோல் குடித்துக்கொண்டே இருந்தது, நானும் ஊற்றிக்கொண்டே இருந்தேன். இரண்டாம் நாள் பை கறுத்து, துவண்டு, வயிறு தள்ளிப் பின்சக்கரத்தை நோக்கி இறங்கியிருந்தது. உள்ளே இருந்த சட்டைகளிலெல்லாம் எண்ணெய். கூட வந்த அண்ணன் பையை ஒரு விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, தோலுக்கு எண்ணெய் போடலாம். எண்ணெய்க்குள்ளே தோலைப் போடக்கூடாது" என்றார். பதில் சொல்ல எனக்கு வாயில்லை. மீதி வழி முழுக்க அந்தப் பையை ஒரு கயிற்றால் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டினேன்.

வீடு வந்ததும் இரண்டு பைகளையும் கழற்றி நிதானமாக உட்கார்ந்தேன். முதலில் காய்ந்த சேற்றைப் பிரஷ்ஷால் தட்டினேன். தையல் ஓரங்களுக்குப் பல் துலக்கிய பழைய பிரஷ்தான் சரியான கருவி. அங்கே மணல் தங்கினால் ஒவ்வொரு குலுக்கலிலும் நூலை அறுக்கும். அடுத்தது சேடில் சோப்பு, தோல் பொருட்களைத் துடைப்பதற்கென்றே உள்ள சோப்பு. தண்ணீரைக் குறைத்து நுரையை மட்டும் ஈரத்துணியில் எடுத்துத் துடைக்க வேண்டும். தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உள்ளது, சோப்பு காரம். நுரையை அப்படியே காயவிட்டால் நல்லதல்ல. ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தெடுத்தேன்.

இடது பையின் மூடிக்கு அடியில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. பூஞ்சணம் என்று பதறினேன். ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்துச் சில நொடிகள் வெதுவெதுப்பான காற்று காட்டினேன். வெள்ளை உருகி மறைந்தது. அப்படியானால் அது தோலுக்குள் இருந்த கொழுப்பு மேலே பூத்தது, துணியால் துடைத்தால் போதும். பூஞ்சணமாக இருந்தால் உருகாது. வலது பையின் உட்புறத்தில் அதுவும் இருந்தது! எண்ணெயும் ஈரமும் சேர்ந்த இடத்தில் வராமல் எங்கே போகும்? வெட்டவெளிக்குக் கொண்டுபோய்ப் பிரஷ்ஷால் உதறி, தண்ணீரும் வினிகரும் சமமாகக் கலந்து நனைத்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விட்டேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த வேலை பக்கிள். பித்தளை தோலைத் தொடும் இடங்களில் பச்சையாக, மெழுகு மாதிரி, ஒரு களிம்பு திரண்டிருந்தது. பித்தளையில் உள்ள செம்பும் தோலில் உள்ள கொழுப்பு அமிலங்களும் கூடிப் பெற்ற பிள்ளை அது. எண்ணெய் கூடினால் களிம்பும் கூடும். வலது பக்கிளில் இரண்டு மடங்கு இருந்தது. ஒரு பல்குத்தும் குச்சியால் ஊசித் துளை ஓரங்களில் சுரண்டச் சுரண்டச் சுருளாக வந்தது. மதியம் முழுக்க இதிலேயே போயிற்று. உலோகப் பாலிஷை மட்டும் பக்கத்தில் விடவில்லை, தோலில் பட்டால் கறை.

எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் கிரீம். தேன்மெழுகும், ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் என்ற மெழுகுப் பசையும் கலந்தது. கடலைப் பருப்பு அளவு எடுத்து விரல் சூட்டில் இளக்கி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசாகப் பூசினேன். ஒரு நாள் கழித்து, குடித்த இடத்தில் மட்டும் இன்னொரு முறை. சமையல் எண்ணெயைத் தடவலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாளானால் சிக்கடித்து நாறும். எண்ணெயில் ஊறிய வலது பைக்கு நான் கிரீமே போடவில்லை. உள்ளும் புறமும் வெறும் காகிதம் வைத்து, தினமும் மாற்றி, இரண்டு வாரம் எண்ணெயை உறிஞ்ச வைத்தேன். அச்சடித்த காகிதம் வேண்டாம், மை ஒட்டும்.

இப்போது சைலன்சருக்கும் பைக்கும் நடுவே அலுமினியத் தகடு ஒன்று இருக்கிறது. உள்ளே அடிப்பக்கத்தில் மெல்லிய பலகை. மழையுறைக்கு இரண்டு கயிறு.

போன மாதம் மறுபடியும் நனைந்தோம். இரண்டு பைகளையும் கொக்கியில் மாட்டினேன், ஹீட்டரை அணைத்தேன். இடது பை இரண்டு நாளில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. வலது பையின் மூடி மட்டும் அந்த விரிசலோரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டே நிற்கிறது. வாரை ஒரு துளை தள்ளி மாட்டியிருக்கிறேன். வேகம் கூடும்போது அது என் தொடைக்குப் பின்னால் டக் டக்கென்று தட்டிக்கொண்டே வருகிறது.