ஏழு நிமிடமும் ஒரு குட்டி வால்வும்

ஒரு முறை லீவு முடிந்து ஓமானுக்குத் திரும்பியபோது என் லேப்டாப் மட்டும் இந்திய நேரத்திலேயே வந்து சேர்ந்தது. நான் கவனிக்கவில்லை. அந்த லேப்டாப்பில்தான் எண்ணெய்க் கிணற்றுக்குள் இறக்க வேண்டிய மெமரி கேஜ்களை, அதாவது அடியில் அழுத்தத்தை நேரத்தோடு பதிந்துவைக்கிற கருவிகளை, புரோகிராம் செய்தேன், பேட்டரி மாட்டினேன், இறக்கியாயிற்று. மூன்று நாள் கழித்து மேலே எடுத்து டேட்டாவைப் பார்த்தால், நாங்கள் கிணற்றைத் திறந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் அடியில் அழுத்தம் இறங்கத் தொடங்கியது என்கிறது கேஜ். அப்படி ஒரு கிணறு கிடையாது. ரிசர்வாயர் இன்ஜினியர் சிரித்துவிட்டு, எல்லா நேரத்திலும் ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஒன்றரை மணி நேரத் தப்பு இப்படித்தான், கண்ணில் குத்தும், திருத்திவிடலாம். ஏழு நிமிடத் தப்புதான் ஆபத்து. ரிக்கில் ஒரு கடிகாரம், எங்கள் கேபினில் ஒன்று, கிணற்றின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிற சோக் மேனிஃபோல்டில் நிற்கிற ஆபரேட்டர் கையில் ஒன்று. மூன்றும் மூன்று நேரம் காட்டும், யாருக்கும் சந்தேகம் வராது.

ஏன் இவ்வளவு அலட்டல் என்றால், கிணறு டெஸ்ட்டில் எண்ணெய் பீறிட்டு வரும் நேரத்தைவிட, கிணற்றை மூடிவிட்டு அழுத்தம் மறுபடி ஏறுவதைப் பார்க்கிற நேரம்தான் பல சமயம் அதிகம் பேசும். பில்டப் என்பார்கள். மூடிய முதல் சில நிமிடங்களில் அழுத்தம் எப்படி ஏறுகிறது என்பதை வைத்துத்தான், துளையிடும்போது கிணற்றைச் சுற்றியுள்ள பாறை அடைபட்டிருக்கிறதா என்று கணிக்க ஆரம்பிப்பார்கள். 1951இல் ஹார்னர் சொன்ன வரைபடமாக இருந்தாலும் சரி, 1983இல் போர்டே கொண்டுவந்த, அழுத்தம் மாறும் வேகத்தைக் காட்டுகிற டெரிவேட்டிவ் வரைபடமாக இருந்தாலும் சரி, எல்லாமே 'மூடிய கணத்திலிருந்து எவ்வளவு நேரம்' என்பதில்தான் நிற்கின்றன. அந்தக் கணமே ஏழு நிமிடம் தள்ளிப்போனால் அந்த ஆரம்பப் பகுதியின் உருவமே கோணலாகும், கோணலும் பார்க்க நியாயமான கோணலாகவே இருக்கும். அதனால் இப்போதெல்லாம் சைட்டுக்குப் போனதும் நான் முதலில் தேடுவது டூல் பாக்ஸை அல்ல, கடிகாரங்களை. எல்லாரையும் கூப்பிட்டு ஒரே நேரத்துக்கு வைக்கச் சொல்வேன். ரிக்காரர்கள் இவன் யாருடா என்று பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

என் வேலையைச் சொல்லவில்லையே. வெல் டெஸ்டிங் குழுவில் அளவுக் கருவிகளைப் பொருத்துவதும், டெஸ்ட் முடியும்வரை அவற்றை உட்கார்ந்து பார்ப்பதும் என் வேலை. இடம் ஓமானின் உள்பாலைவனம், ஹைமாவைத் தாண்டி, மஸ்கட்–சலாலா சாலையை விட்டு கிரேடர் இழுத்த மண்சாலையில் போக வேண்டிய இடங்கள். இந்த நாட்டிலிருந்து எண்ணெய் முதன்முதலில் கப்பலேறியது 1967இல். எங்கள் ஊர்ப்பக்கம் குத்தாலத்தில் வயலுக்கு நடுவே ஓஎன்ஜிசியின் எரிவாயுக் கிணறுகள் உண்டு, சின்ன வயதில் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது வேலிக்குள் இருந்த குழாய்களைப் பார்த்து, உள்ளே என்ன இருக்கும் என்று யோசித்ததோடு சரி. அந்த மாதிரிக் குழாய்க்கு எதிர்காலத்தில் நானே பிரஷர் சென்சார் மாட்டுவேன் என்று எந்த ஜோசியரும் சொல்லவில்லை.

கிணற்றிலிருந்து வருவது எண்ணெய், வாயு, தண்ணீர் மூன்றும் கலந்த ஒரு குழம்பு, சில சமயம் மணலும் உண்டு. அது முதலில் சோக் மேனிஃபோல்டுக்கு வரும். சோக் என்பது ஓட்டத்தை நெரிக்கிற துளை, அதன் அளவை அங்குலத்தில் 64இல் ஒரு பங்காகச் சொல்வோம். '32 சோக்' என்றால் அரை அங்குலத் துளை. அங்கிருந்து தேவைப்பட்டால் ஹீட்டர், அப்புறம் செப்பரேட்டர். செப்பரேட்டரில் மூன்றும் பிரியும், வாயு ஒரு வழி, எண்ணெய் ஒரு வழி, தண்ணீர் ஒரு வழி, ஒவ்வொரு வழியிலும் ஒரு மீட்டர். கேட்க சுலபம்தான்.

பொருத்துகிற வேலையில் பாதி, சென்சாரின் ரேஞ்சைத் தேர்ந்தெடுப்பது. புதிதாக வரும் பையன்கள் எல்லா இடத்துக்கும் 10,000 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) சென்சாரை எடுத்துக்கொண்டு வருவார்கள், பத்திரமாம். 10,000இல் 0.1 சதவீதத் துல்லியம் என்றால் 10 பிஎஸ்ஐ. கிணற்றின் தலையில் அது பரவாயில்லை. 300 பிஎஸ்ஐயில் ஓடுகிற செப்பரேட்டரில் அதை மாட்டினால், அது சொல்வதைக் கேட்பதும் பக்கத்துக் கேபின்காரரிடம் கேட்பதும் ஒன்றுதான். எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. கிணற்றைத் திறப்பதற்கு முன் எல்லாக் குழாயையும் தண்ணீர் ஏற்றி பிரஷர் டெஸ்ட் செய்வோம், முதலில் குறைந்த அழுத்தம், பிறகு முழு அழுத்தம். அந்த நேரத்தில் சின்ன ரேஞ்ச் சென்சாரின் நீடில் வால்வை மூட மறந்தால் அவ்வளவுதான், டெஸ்ட் தொடங்கும் முன்பே ஒரு சென்சாரின் கதை முடிந்தது.

சென்சாரிலிருந்து கேபினுக்கு வருவது 4-20 மில்லியாம்ப் மின்னோட்டம். ஜீரோ அழுத்தத்துக்கு 4, முழு ரேஞ்சுக்கு 20. ஏன் 0இலிருந்து தொடங்கவில்லை என்று நேர்முகத்தில் கேட்பார்கள், பதில் எளிது. வயர் அறுந்தால் 0 வரும், அழுத்தம் இல்லாததும் வயர் இல்லாததும் ஒன்றாகத் தெரியக்கூடாது. இதை யோசித்தவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். வயரை ஆட்கள் நடக்கிற பாதையில் போடாதே, வண்டி ஏறுகிற இடத்தில் போடாதே, ஒவ்வொரு முனையிலும் டேப் சுற்றி எண் எழுது, இதெல்லாம் கல்லூரியில் வராது. வெப்பநிலை சென்சாரைச் செருகும் தெர்மோவெல்லில் கொஞ்சம் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பதும் வராது. ஊற்றாவிட்டால் நடுவில் காற்று நிற்கும், குழாய்க்குள் சூடு மாறிய பிறகு வெகுநேரம் கழித்துத்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும்.

எனக்குப் பிடித்ததும் பயமானதும் டேனியல் பாக்ஸ். வாயு வழியில் நடுவே ஓட்டை போட்ட ஒரு தட்டு இருக்கும், ஆரிஃபிஸ் பிளேட். வாயு அந்த ஓட்டையில் நெருங்கிப் போகும்போது தட்டின் இரு பக்கமும் அழுத்தம் வேறுபடும், அந்த வேறுபாட்டை அளந்தால் ஓட்டம் கிடைக்கும். வேறுபாட்டை நீர் அங்குலத்தில், அதாவது எத்தனை அங்குல உயரத் தண்ணீரின் அழுத்தம் என்று, அளப்போம், எங்கள் கருவி 400 அங்குலம் வரை. வாயு கூடினால் பெரிய ஓட்டைத் தட்டு, குறைந்தால் சின்னது, இதைக் கிணறு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம் என்பதுதான் டேனியல் பாக்ஸின் சிறப்பு. கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை, நடுவே சறுக்குக் கதவு. முதலில் இரண்டு அறைக்கும் அழுத்தத்தைச் சமப்படுத்து, கதவைத் திற, கைப்பிடியைச் சுற்றித் தட்டை மேலறைக்கு ஏற்று, கதவை மூடு, சமப்படுத்திய வால்வையும் மூடு, மேலறையில் இருக்கும் வாயுவை வெளியேற்று, அதன் பிறகுதான் மேல்மூடியின் போல்ட்டைத் தொடு. இந்த வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிஜமாகவே தூக்கத்திலிருந்து எழுப்பித்தான் மாற்றச் சொல்வார்கள். வெளியேற்றாமல் போல்ட்டைக் கழற்றினால் அந்த மூடி எங்கே போகும் என்று யாரும் பார்க்க விரும்ப மாட்டார்கள்.

தட்டுக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு. ஓட்டையின் ஒரு விளிம்பு கூர்மையாக, மறுவிளிம்பு சரிவாகச் சீவப்பட்டிருக்கும். கூர்மையான பக்கம் வாயு வருகிற திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதுவும் வெடிக்காது, அலாரம் அடிக்காது, வாயுவைக் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான். எச்சரிக்கை எதுவும் இல்லாத இந்த மாதிரித் தப்புகள்தான் இந்தத் தொழிலில் எனக்கு எரிச்சலூட்டுகிறவை.

எண்ணெய் மீட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது சொல்வதை அப்படியே நம்பாமல், குறிப்பிட்ட நேரத்துக்கு எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி, தொட்டியில் ஏறிய அளவையும் மீட்டர் சொன்ன அளவையும் ஒப்பிட்டு ஒரு திருத்தக் கணக்குப் போடுவோம். செப்பரேட்டரில் இருந்த அழுத்தம் போனதும் எண்ணெயில் கரைந்திருந்த வாயு பிரியும், எண்ணெய் கொஞ்சம் சுருங்கும், அதற்கும் ஒரு கணக்கு. ஹைட்ரஜன் சல்ஃபைடு என்கிற விஷவாயு உள்ள கிணறு என்றால் திறந்த தொட்டி கூடாது, மூடிய சர்ஜ் டேங்க்தான். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அளவு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) பக்கம் போனால் மூக்கு செத்துவிடும், நாற்றமே தெரியாது என்பது பலருக்குத் தெரியாது. சட்டையில் மாட்டிய டிடெக்டர் 10இல் கத்தும். அது கத்தினால் காற்று வரும் திசையைப் பார்த்துக் குறுக்கே நடக்க வேண்டும், என்ன கத்துகிறது என்று எடுத்துப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது.

சரி, அந்தக் குட்டி வால்வு.

நான் சேர்ந்த இரண்டாம் வருஷம், இரவு ஷிஃப்ட். கிணறு ஒரே சோக்கில் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. இரவு எட்டரைக்கு நான் செய்ய வேண்டிய வேலையைச் சரியாகவே செய்தேன், அழுத்த வேறுபாடு அளக்கும் கருவி ஜீரோ காட்டுகிறதா என்று பார்த்தேன். அதற்கு ஒரு மூன்று வால்வு மேனிஃபோல்டு உண்டு, இரு பக்கமும் ஒவ்வொரு வால்வு, நடுவே ஈக்வலைசர். நடுவால்வைத் திறந்தால் இரு பக்கமும் சமமாகும், ஜீரோ வரவேண்டும். வந்தது. மூடினேன், பக்க வால்வுகளைத் திறந்தேன், கேபினுக்குப் போய் டீ போட்டுக்கொண்டேன்.

ராமநாதபுரத்து அண்ணன் ஒருவர்தான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். கணினியைவிடப் பழைய வட்டச் சார்ட்டை நம்புகிறவர். விடிகாலை இரண்டு மணி வாக்கில் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, ஜிஓஆர் ஏன்டா இறங்கிக் கெடக்கு?"

ஜிஓஆர் என்பது ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு எவ்வளவு வாயு என்கிற கணக்கு. கிணறு மாறுகிறது போல, அண்ணே என்றேன். எனக்கே அது நல்ல பதிலாகத்தான் தெரிந்தது.

"கெணறு மாறுச்சுன்னா கெணத்துத் தலை பிரஷர் மாறணும்ல? அது அப்படியே நிக்கிது. சோக்கு அதே சோக்கு. எண்ணெ அதே எண்ணெ. கேஸு மட்டும் பத்து பெர்சன்ட் கம்மியாகுமா?"

பின்னோக்கிப் போய் வரைபடத்தைப் பார்த்தோம். படிப்படியாக இறங்கவில்லை. எட்டரை மணிக்கு, என் ஜீரோ முடிந்த உடனே, ஒரே படியாக இறங்கியிருந்தது. எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. அண்ணன் எதுவும் சொல்லாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனார், நானும் பின்னாலேயே போனேன். இரு பக்க வால்வையும் மூடச் சொன்னார். நடுவால்வு நன்றாக மூடியிருந்தால், உள்ளே மாட்டிக்கொண்ட அழுத்த வேறுபாடு அப்படியே நிற்க வேண்டும். கருவியின் முள் மெதுவாக, அவசரமே இல்லாமல், ஜீரோவுக்கு இறங்கியது. நான் மூடியதாக நினைத்த வால்வு முழுதாக மூடவில்லை, உயர்ந்த பக்கத்து அழுத்தம் தாழ்ந்த பக்கத்துக்குக் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது.

கணக்கு எப்படி ஏமாற்றும் பாருங்கள். ஓட்டம் என்பது அந்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தோடு போவது. 100 அங்குலம் காட்ட வேண்டிய இடத்தில் 81 காட்டினால், வர்க்கமூலத்தில் 10க்குப் பதில் 9, அதாவது வாயு பத்து சதவீதம் குறைவு. பாதியாகக் குறைந்திருந்தால் ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன். பத்து சதவீதம் என்பது கிணறு தானாகச் செய்யக்கூடிய காரியம் மாதிரியே இருந்தது.

கசிவு எவ்வளவு என்று தெரியாததால் ஆறு மணி நேரத்து வாயுக் கணக்கைத் திருத்தவும் வழியில்லை. இதை எப்படி எழுதுவது என்று பேனாவை உருட்டிக்கொண்டிருந்தேன், 'கருவிக் கோளாறு' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடலாமா என்ற யோசனை ஓடியது, மறைப்பானேன். அண்ணன் நோட்டை இழுத்து, 02:40 என்று நேரம் போட்டு, ஈக்வலைசர் கசிவு, 20:30 முதல் வாயு அளவு நம்பத்தக்கதல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நோட்டை என் பக்கம் தள்ளினார். நானும் போட்டேன்.

காலையில் வாடிக்கையாளர் தரப்பு ஆள் அந்த வரியைப் படித்தார், அந்த சோக்கில் இன்னும் ஆறு மணி நேரம் ஓட்டுங்கள் என்றார், தன் காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பகல் ஷிஃப்ட்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள். மேனிஃபோல்டை மாற்றிவிட்டுப் பழையதைப் பிரித்துப் பார்த்தோம். நடுவால்வின் சீட்டில் ஒரு கோடு இருந்தது, மணல் துகள் ஏதோ நசுங்கிய தடம். கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை, அண்ணன் என் விரலைப் பிடித்து நகத்தால் தடவிப் பார்க்க வைத்தார்.