யூரோப்பியம் சேர்வை: சிவப்பு ஒளிர்ந்ததும் நம்பிவிடாதீர்கள்

யூரோப்பியம் என்ற அருமண் உலோகத்தோடு தெனோயில் திரைபுளோரோ அசெற்றோனும் (கீழே ரீரீஏ) பினந்திரோலினும் சேர்த்துச் செய்யும் சிக்கற்சேர்வை, செய்முறைத் தாளில் அரைப்பக்கம்தான். எங்களுக்கு இரண்டு தொகுதி பிழையாகிப் போனது.

முதற் குற்றம் உப்புப் போத்தலில். யூரோப்பியம் குளோரைட்டு அறுநீரேற்று கொழும்புக் காற்றில் ஈரம் குடித்துக்கொண்டே இருக்கும். 366 மில்லிகிராம் நிறுத்தால் 1 மில்லிமூல் என்பது கணக்கு. உள்ளே உலோகம் அதைவிடக் குறைவு. மிஞ்சிய ரீரீஏ விளைபொருளோடு ஒட்டிக்கொண்டு வர, காபன், நைதரசன் வீதங்கள் பொருந்தவே இல்லை. நிறுவையை நம்பாதீர்கள். உப்பைக் கரைத்து, எக்சமீன் தாங்கற் கரைசலில் பீஎச் 5.5 அளவில் வைத்து, சைலினோல் செம்மஞ்சள் காட்டியோடு ஈடீரீஏயால் (உலோக அயனைப் பிடித்துக்கொள்ளும் சேர்வை) நியமித்து, உலோகச் செறிவை அளந்துகொள்ளுங்கள். செவ்வூதா சட்டென்று எலுமிச்சை மஞ்சளாகும் துளியில் அளவியை மூடுங்கள். அந்தச் செறிவுதான் உண்மை.

ரீரீஏ 667, பினந்திரோலின் ஒருநீரேற்று 198 மில்லிகிராம், இளஞ்சூடான எதனோலில். 1 மூலர் சோடியம் ஐதரொட்சைட்டு 3 மில்லிலீற்றரை இணையிகளுக்கு (உலோகத்தோடு பிணையும் ரீரீஏ, பினந்திரோலின்) முதலில் விடுங்கள். உலோகக் கரைசல் அதன் பிறகு, துளித்துளியாக, 60 பாகையில். அவசரப்பட்டு உலோகத்தின் மேல் காரத்தை ஊற்றினால் வெண்ணிறக் களி ஐதரொட்சைட்டு வந்து வடிதாளை அடைத்துவிடும். பீஎச் 7ஐத் தாண்ட விடாதீர்கள். கலக்குவது, வடிப்பது, கழுவுவது வழக்கம்போல.

புற ஊதா டோர்ச் அடித்ததும் செக்கச்செவேலென்று ஒளிரும். அங்கேதான் ஏமாந்தோம். பினந்திரோலின் பிணையாமல், அதன் இடத்தில் இரண்டு நீர் மூலக்கூறுகள் இருந்தாலும் சிவப்புத்தான். ஆனால் ஓ-எச் அதிர்வு சக்தியை உறிஞ்சிவிடுவதால் ஒளிர்வாயுள் (அருட்டிய பின் ஒளி நீடிக்கும் நேரம்) சுமார் 0.26 மில்லிசெக்கனாகச் சுருங்கும். பினந்திரோலின் சரியாகப் பிணைந்தால் 1 மில்லிசெக்கனை நெருங்கும். வெற்றிடத்தில் நன்றாக உலர்த்திய பிறகும் செங்கீழ் நிறமாலையில் 3400 செமீ⁻¹ அருகே ஓ-எச்சின் அகன்ற பட்டை நின்றால், மீண்டும் செய்வதுதான் வழி.

நிறமாலைக்காக வேறோர் ஆய்வுகூடத்தில் நேரம் வாங்கிப் போன ஒரு நாள் முழுவதும் வீண். 350 நானோமீற்றர் ஒளியால் அருட்டினால், கருவிக்குள் சிதறும் அந்த ஒளியின் இரண்டாம் வரிசை (இருமடங்கு அலைநீளத்தில் தோன்றும் போலி உச்சி) 700இல் விழும். யூரோப்பியத்தின் சொந்த உச்சியும் அங்கேதான். 400க்குக் கீழே வெட்டும் வடிகண்ணாடி அங்கே இல்லை. கையோடு கொண்டுபோங்கள். 612 உச்சி தட்டையாக வந்தால் உணரி நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அதை வைத்து 592 உச்சியோடு விகிதம் எடுக்காதீர்கள்.

மூன்றாம் தொகுதியை வடிகண்ணாடியோடு, கருவியின் ஒளிப் பிளவைக் குறுக்கி எடுத்தோம். 580 அருகே முந்தைய தொகுதியில் இரட்டையாக நின்று, இருவகைச் சேர்வை கலந்திருப்பதைக் காட்டிய கோடு, இம்முறை ஒற்றையாக, ஊசிபோல் நின்றது.