கடம்படி முதல் நாவலடி வரை: பிள்ளைகளோடு மதுரையில் ஸ்தல விருட்ச தரிசனம்

மீனாட்சி கோயிலில் சொக்கநாதரைக் கும்பிட்டு வெளியே வந்ததும் பெரும்பாலான குடும்பங்கள் நேரே பிரசாதக் கடைக்கு நடந்துவிடுகின்றன. சுவாமி சன்னதிப் பிரகாரத்தில் தடுப்புக்குள் இருக்கும் கடம்ப மரத்தடியில் நின்று கைகூப்புபவர்கள் குறைவு. இலை இல்லை, பூ இல்லை, பட்டுப்போன அடிமரம் மட்டும்தான். ஆனால் மதுரை என்கிற ஊரே அந்த மரத்தடியில்தான் முளைத்தது. கடம்பவனத்தில் இரவு தங்கிய தனஞ்செயன் என்ற வணிகர், தேவர்கள் கடம்படி லிங்கத்துக்குப் பூசை செய்வதைக் கண்டார். அதைக் குலசேகர பாண்டியனிடம் போய்ச் சொன்னார். காட்டைத் திருத்திக் கோயிலும் நகரமும் எழுந்தது அதற்குப் பிறகுதான். மரம் முதலில், ஊர் பிறகு.

முடி இறக்க, காது குத்த, வேண்டுதலை முடிக்க என்று மதுரைக்கு வருபவர்கள் இரண்டு நாள் ஒதுக்கினால், ஊரையும் சுற்றுப்புறத்தையும் கோயில்களின் தெய்வ மரங்களான ஸ்தல விருட்சங்களின் வழியாகவே தரிசித்துவிடலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கும் இந்த தரிசனம் அலுக்காது. கல் தூணில் இருப்பதை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிற பிள்ளை, மரத்தடிக்கு வந்தால் தானாகவே குனிந்து இலை பொறுக்கும்.

முதலில் எந்த மாதம் என்று தீர்மானியுங்கள். பங்குனியில் வில்வம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும், பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. சித்திரையில் சரக்கொன்றை பொன்னாகத் தொங்கும். ஆனால் திருக்கல்யாணமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் அந்த மாதம்தான், அந்தக் கூட்டத்தில் கைப்பிள்ளையோடு மரம் பார்ப்பது நடக்காத காரியம். திருவிழா முடிந்து வைகாசி பிறந்ததும் வந்தால் கொன்றையும் மிச்சமிருக்கும், வரிசையும் நகரும். கடம்பு பூப்பதையும் நாவல் பழுப்பதையும் பார்க்க ஆனி, ஆடி நல்லது.

கையில் ஒரு கோடு போடாத நோட்டு, மெழுகு வண்ணக்குச்சி, பருத்திச் சரடு பத்தடி, தையல்காரர் டேப் ஒன்று. இவ்வளவு போதும். மீனாட்சி கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை என்பதால் அங்கே கண்ணும் நோட்டும்தான் கேமரா. மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் அளக்க வேண்டும். டேப் அறுபது அங்குலத்தில் முடிந்துவிடும், பெரிய அரச மரத்துக்குக் காணாது. சரடைச் சுற்றி முடிச்சிட்டு, பிறகு தரையில் நீட்டி அளந்துகொள்ளுங்கள். மரத்தைச் சுற்றி மேடை கட்டியிருந்தால் அளவு மேடையிலிருந்து எடுத்தது என்று எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் வந்து அளக்கும்போது மரம் இளைத்துவிட்டதாகக் கணக்கு வரும். இலையைப் பதிவெடுக்க, நரம்பு புடைத்த அடிப்பக்கம் மேலே இருக்கும்படி தாளுக்குக் கீழே வைத்து, வண்ணக்குச்சியைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். ஈர இலை தாளைக் கிழிக்கும், காய்ந்த சருகு நொறுங்கும். அன்று உதிர்ந்த இலைதான் சரி. மரத்திலிருந்து பறிக்கவே கூடாது.

காலை ஐந்தரைக்கெல்லாம் மீனாட்சி கோயிலின் கிழக்குப் பக்கம் வந்துவிடுங்கள். செருப்பு விடும் இடத்திலிருந்தே தரகர்கள் தொடங்கிவிடுகிறார்கள். "சார், கூட்டம் மூணு மணி நேரம், நான் நேரா கூட்டிட்டுப் போறேன்" என்பார்கள். சில கடைகளில் செருப்பை வைத்தால் பூத்தட்டு வாங்கியே தீர வேண்டும் என்ற பேச்சு வேறு. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் தாய்மாரைத்தான் இவர்கள் அதிகம் மறிக்கிறார்கள். அம்மன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அவள் பிள்ளைகளையே ஏமாற்ற எப்படி மனம் வருகிறதோ தெரியவில்லை. தரிசனச் சீட்டை உள்ளே கவுன்டரில் மட்டும் வாங்குங்கள். செருப்பைக் கோயில் நிர்வாகம் வைத்திருக்கும் இடத்தில் விடுங்கள்.

அம்மனைப் பார்த்த பிறகுதான் சுவாமி. அஷ்டசக்தி மண்டபம் வழியாகப் போய், பொற்றாமரைக் கரையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு உள்ளே. எவ்வளவு நேரம் வரிசையில் நின்றாலும் அவள் எதிரில் கிடைப்பது சில விநாடிதான். தீபம் உயரும்போது முதலில் மூக்குத்தி, பிறகு முகம், பிறகு வலது கைப் பூச்செண்டில் அந்தக் கிளி. கேட்க வந்ததெல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோகும். "தாயே" என்ற ஒரு சொல்தான் வாயில் வரும். அது போதும், மீதியை அவள் அறிவாள். தள்ளிவிட்டார்களே என்று வருத்தப்பட வேண்டாம். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொள்ளுங்கள், அவர்கள் பார்த்தால் நாம் பார்த்த மாதிரிதான்.

அதே நெகிழ்வோடு கடம்படிக்கு வாருங்கள். உயிருள்ள கடம்பு எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். இதில் குழப்பம் நிறைய உண்டு. வெள்ளைக் கடம்புக்கு முழங்கை நீளத்தில் பாதி வரும் பெரிய இலை, எதிரெதிராக இருக்கும். பூ எலுமிச்சை அளவு உருண்டை, ஆரஞ்சு நிறம், மேலெல்லாம் வெள்ளை ஊசி குத்தியது போல. முருகன் மார்பில் புரளும் உருள்பூ மாலை என்று சங்கப் புலவர்கள் பாடியது இந்த உருண்டைப் பூவைத்தான் என்று கொள்ளலாம். மஞ்சக்கடம்புக்கு இலை இதய வடிவம், பூ கோலிக்குண்டு போலச் சிறிது. நாற்றுப்பண்ணையில் கடம்பு என்று கேட்டால் இரண்டில் எதையும் கொடுத்துவிடுவார்கள், இலையைப் பார்த்து வாங்குங்கள். வேண்டுதலாகக் கடம்பு நட நினைப்பவர்கள் வீட்டிலிருந்து இருபதடி தள்ளி இரண்டடிக்கு இரண்டடி குழி எடுங்கள். வேகமாக வளரும், கிளை காற்றுக்கு ஒடியும். முதல் இரண்டு கோடையில் தண்ணீர் குறைந்தால் நுனியிலிருந்து கருகும். விதை தூசி மாதிரி இருக்கும், மண்ணைப் போட்டு மூடினால் முளைக்கவே முளைக்காது.

ஈசான மூலைப் பக்கம் வன்னியும் கிணறும் லிங்கமும் இருப்பதையும் விட்டுவிடாதீர்கள். கும்பகோணம் பக்கத்துத் திருப்புறம்பியத்தில் நடந்த திருமணத்துக்குச் சாட்சி சொல்ல மதுரைக்கே வந்தவை. வன்னியைச் சீமைக்கருவேலம் என்று நினைத்துப் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். வேறுபாடு முள்ளில் இருக்கிறது. சீமைக்கருவேலத்தில் இலை பிறக்கும் கணுவில் முள் இரட்டையாக நிற்கும். வன்னியில் கணுவுக்கும் கணுவுக்கும் இடையே சின்னச் சின்ன முள்ளாகச் சிதறியிருக்கும்.

பத்து நிமிட நடையில் மேலமாசி வீதி, இம்மையில் நன்மை தருவார் கோயில். சுவாமியே லிங்க பூசை செய்யும் தலம் என்பதால் லிங்கத்தின் பின்புறம்தான் நமக்குத் தரிசனம். இங்கே ஸ்தல விருட்சம் தசதள வில்வம், அதாவது பத்து இதழ் வில்வம். சாதாரண வில்வத்துக்கு மூன்று இதழ், நடு இதழுக்குக் காம்பு நீளம். மகாவில்வம் என்று சொல்வது வேறு மரம். அதன் இதழ்கள் காம்பின் இருபுறமும் இறக்கை மாதிரிப் பட்டையோடு வரிசையாக இருக்கும். வில்வத்தைச் சோமவாரத்தில் பறிக்கக் கூடாது, முதல் நாளே பறித்து வைத்துக்கொள்வது முறை. வில்வத்துக்கு நிர்மால்ய தோஷம் கிடையாது, கழுவி மறுபடி சாத்தலாம். வெளியே கட்டுக் கட்டாக விற்பதில் இரண்டிதழும் ஓட்டை விழுந்ததும் கலந்திருக்கும். பிள்ளைகளை விட்டே பிரிக்கச் சொல்லுங்கள்.

மாலையில் செல்லூர் திருவாப்புடையார் கோயில். மதுரையின் பஞ்சபூதத் தலங்களில் நீர்த்தலம், கொன்றை விருட்சம். சாலையோரத்தில் மஞ்சளாகப் பூப்பதெல்லாம் கொன்றை என்று நினைத்துவிடக் கூடாது. பூங்கொத்து சரமாகக் கீழே தொங்கினால் ஈசன் சூடும் சரக்கொன்றை, மேல்நோக்கி நிமிர்ந்து நின்றால் மஞ்சள் வாகை.

ஒரு வருத்தத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பல கோயில்களில் விருட்சத்தின் அடிவரை டைல்ஸ் பதித்துவிடுகிறார்கள். மழைநீர் வேருக்குப் போகாது, வேர் மூச்சு விடாது, பத்துப் பதினைந்து வருடத்தில் உச்சி காயும். சுற்றிலும் நாலடியாவது வெறும் மண் வேண்டும். பக்தர்களும் தொட்டிலை நைலான் கயிற்றில் கட்டுகிறார்கள். கிளை பருக்கும்போது கயிறு நெகிழாது, பட்டைக்குள் இறங்கி அறுக்கும். இலை செய்த உணவு பட்டை வழியாகத்தான் வேருக்குப் போகிறது, அது அறுந்தால் மரம் பட்டினி கிடந்து சாகும். தொட்டிலுக்குப் பருத்தித் துணி, மஞ்சள் நூல் போதும். அவை ஒரு மழைக்காலத்தில் மட்கிவிடும். அகல் விளக்கை அடிமரத்தில் ஒட்டி வைக்காதீர்கள், பட்டை வெந்து அந்த இடத்தில் பொந்து விழும்.

மறுநாள் விடியலில் திருப்பரங்குன்றம். மூலவர் குடைவரையில் பாறையோடு பாறையாக இருப்பதால் அபிஷேகம் வேலுக்குத்தான். விருட்சம் கல்லத்தி. நாட்டத்திக்குக் காய் அடிமரத்தில் குலையாகக் காய்க்கும். கல்லத்திக்கு இலைக் கக்கத்தில் சின்னதாக வரும், வேர் பாறை வெடிப்பைப் பிடித்துக்கொள்ளும். அத்தி பூப்பது ஏன் தெரிவதில்லை என்று பிள்ளைகள் கேட்டால், கீழே விழுந்த காயைப் பிட்டுக் காட்டுங்கள். பூவெல்லாம் உள்ளேதான் இருக்கும், குளவிக் குஞ்சும் சேர்ந்தே இருக்கலாம்.

அங்கிருந்து அழகர்கோவில். பதினெட்டாம்படிக் கருப்பரைக் கும்பிட்டு, முடி இறக்குவதை முடித்து, மூன்று மணிக்குள் மலைக்கு ஏறிவிடுங்கள், பொழுது சாயும்முன் இறங்க வேண்டும். குரங்குகள் பையைத்தான் பார்க்கும். பொட்டலம் வெளியே தெரியக் கூடாது, பை முதுகில் வேண்டாம், மார்புப் பக்கம் இருக்கட்டும். தண்ணீர் பாட்டிலைக் கையில் ஆட்டிக்கொண்டு நடந்தால் போய்விடும்.

பழமுதிர்ச்சோலை நாவலடி. முருகன் ஔவைப் பாட்டியிடம் சுட்ட பழமா சுடாத பழமா என்று கேட்ட இடம். மற்ற நாவல் ஆனி ஆடியில் பழுக்க, இந்த மரம் ஐப்பசியில் சஷ்டியை ஒட்டிப் பழுக்கும் என்பார்கள். நாவல் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பக்க நரம்பெல்லாம் ஓரத்தில் ஒன்றாய்ச் சேர்ந்து கரை கட்டியது போலத் தெரியும். மேலே நூபுர கங்கையில் தலை நனைத்து, ராக்காயி அம்மனை வணங்கி இறங்கினால் இரண்டு நாள் அலுப்பும் அங்கேயே போய்விடும்.

களைத்திருந்தாலும் அன்றிரவே மீனாட்சி கோயிலுக்குத் திரும்புங்கள். பள்ளியறைப் பூசைக்குச் சுவாமியின் பாதுகை பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு வரும். நாதஸ்வரம், சாம்பிராணிப் புகை, மல்லிகை வாசம். மடியில் தூங்கும் பிள்ளையின் கையில் நசுங்கிய வில்வ இலை இருக்கும். அதை எடுக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு நில்லுங்கள். தாயே, காட்டுக்குள் ஒரு மரத்தடியில் இருந்துகொண்டு இத்தனை பேருக்கு வீடு கட்டிக் கொடுத்தீர்களே, நீங்களும் அப்பனும்! எங்கள் பிள்ளைகள் காலுக்கு முள் தைக்காமல் இரண்டு நாள் கூட்டி வந்தீர்களே! கதவு சாத்துகிற வரை வேறு எதுவும் தோன்றாது.