ஆன்டி டிபிஓ: ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணை நம்புவதற்கு முன்

ஹாஷிமோட்டோ (உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கி அதன் வேலையைக் குறைக்கும் நோய்) சந்தேகம் என்றால் ஆன்டி டிபிஓ (தைராய்டில் உள்ள டிபிஓ என்ற நொதிக்கு எதிரான ஆன்டிபாடி), சில சமயம் கூடவே ஆன்டி தைரோகுளோபுலின் (தைராய்டு உருவாக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதத்துக்கு எதிரானது). கிரேவ்ஸ் நோய் (தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்வது) சந்தேகம் என்றால் டிஎஸ்எச் ரிசெப்டர் ஆன்டிபாடி; டிஎஸ்எச் என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன். தைராய்டு ஆன்டிபாடி சோதனை என்பது பெரும்பாலும் இந்த மூன்றுதான். ஹாஷிமோட்டோ உள்ளவர்களில் 100-க்கு 90 பேருக்காவது ஆன்டி டிபிஓ பாசிட்டிவாக வரும். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வரும். அதனால் டிஎஸ்எச் அளவைப் பார்க்காமல் இதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. எடுத்த ரத்தம் சுமார் 30 நிமிடம் நின்று நன்றாக உறைந்த பிறகே சென்ட்ரிஃப்யூஜில் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் மெஷின்) போட வேண்டும். அவசரப்பட்டால் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம்) ஃபைப்ரின் என்ற உறைவு இழைகள் மிதக்கும். மெஷினின் ஊசியில் அவை சிக்கினால் உறிஞ்சும் அளவு குறைந்து ரிசல்ட் தப்பாகும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு இன்னும் அதிக நேரம் விட வேண்டும்.

லேபில் வேலை செய்யும் எங்களுக்குப் பெரிய கவலை பயோட்டின் என்ற வைட்டமின்தான். முடி, நகத்துக்காக விற்கும் மாத்திரைகளில் 5 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்கிறது. நாளொன்றுக்கு உடலுக்குத் தேவையானது சுமார் 30 மைக்ரோகிராம். பல மெஷின்களில் பயோட்டின் ஒட்டிய டிபிஓ, ஸ்ட்ரெப்டவிடின் (பயோட்டினை இறுகப் பிடிக்கும் புரதம்) பூசிய காந்தத் துகளில் போய் ஒட்டும். நோயாளியின் ஆன்டிபாடியும் ஒளி தரும் ஆன்டிபாடியும் அந்த டிபிஓவுக்காகப் போட்டி போடும். ஒளி குறைந்தால் நோயாளியின் ஆன்டிபாடி அதிகம் என்று மெஷின் கணக்கிடும். ரத்தத்தில் பயோட்டின் மிகுந்திருந்தால் அதுவே துகள்களை அடைத்துக்கொள்ளும், ஒளி குறையும், ஆன்டிபாடி பொய்யாக ஏறும். அதே ரத்த மாதிரியில் டிஎஸ்எச் பொய்யாகக் குறையும், ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) பொய்யாக ஏறும், ரிசெப்டர் ஆன்டிபாடியும் பாசிட்டிவாகக் காட்டலாம். நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவரின் ரிப்போர்ட், அச்சு அசலாகக் கிரேவ்ஸ் போலவே இருக்கும்! மாத்திரையை இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். டாக்டர் அதிக டோஸில் கொடுத்திருந்தால் அவரிடம் கேட்காமல் நிறுத்த வேண்டாம். புதிய ரீஏஜென்ட்கள் (சோதனை ரசாயனங்கள்) பலவற்றில் இந்தச் சிக்கல் குறைந்திருக்கிறது. உங்கள் லேபில் எது என்று கேட்பதில் தவறில்லை.

ஒரு லேபில் ஆன்டி டிபிஓ 34-க்கு மேல் பாசிட்டிவ், இன்னொன்றில் 60, வேறொன்றில் 5.6. யூனிட் ஒன்றாக இருந்தாலும் கிட் வேறு. இரண்டு லேப் எண்களை ஒப்பிட்டு ‘ஏறிவிட்டது, இறங்கிவிட்டது’ என்று சொல்ல முடியாது.

தைராய்டு கேன்சருக்கு ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஆன்டி தைரோகுளோபுலினின் வேலையே வேறு. அது ரத்தத்தில் இருந்தால், கேன்சர் திரும்பியதா என்று பார்க்கும் தைரோகுளோபுலின் அளவு பொய்யாகக் குறைந்து தெரியும். இரண்டையும் ஒரே ரத்த மாதிரியில், ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் பார்க்க வேண்டும்.

பாசிட்டிவ் என்று தெரிந்த பிறகு ஆன்டி டிபிஓவைத் திரும்பத் திரும்ப எடுப்பது வீண். தைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) டோஸை முடிவு செய்வது டிஎஸ்எச். ரிசெப்டர் ஆன்டிபாடி அப்படியல்ல: கிரேவ்ஸ் மருந்தை நிறுத்தும் முன்பு அதைப் பார்க்க வேண்டும். கிரேவ்ஸ் இருந்தவர் கர்ப்பமானால், தைராய்டை எடுத்துவிட்டிருந்தாலும் கட்டாயம் பார்க்க வேண்டும்; அந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும்.