கண்ணாடி போச்சுன்னு சந்தோஷப்பட்டேன், கிட்டத்துல தெரியுறதும் சேந்து போச்சு

எனக்கு சின்ன வயசுலேர்ந்தே மைனஸ் பவர், கேட்டராக்ட் (கண்புரை) ஆபரேஷன் சமயத்துல மைனஸ் 7. கண்ணாடி இல்லன்னா எதிர்ல நிக்கிறது யாருன்னே தெரியாது, ஆனா அதையே கழட்டிட்டு மூக்குக்கிட்ட கொண்டு போனா எறும்பு கால எண்ணிடலாம். ஊசில நூல் கோக்குறது, படுத்துக்கிட்டே போன் பாக்குறது எல்லாம் வெறுங்கண்ணுலதான். அது ஒரு வசதின்னு அப்ப உறைக்கல.

ஆபரேஷன்ல புரை விழுந்த லென்ஸ எடுத்துட்டு கண்ணுக்குள்ள வேற லென்ஸ் வைப்பாங்க. மல்டிஃபோகல் லென்ஸ் வச்சா தூரம் கிட்ட ரெண்டும் தெரியும், ஆனா அது உள்ள வர்ற வெளிச்சத்த பங்கு போட்டுத்தான் அனுப்பும், அதனால ராத்திரி எதிர்ல வர்ற வண்டி லைட்ட சுத்தி வளையம் தெரியலாம், மங்கின வெளிச்சத்துல கொஞ்சம் டல்லடிக்கும்னு சொன்னாங்க. நான் ராத்திரி நிறைய வண்டி ஓட்டுற ஆளு, அதனால ஒரே ஃபோகஸ் இருக்க மோனோஃபோகல் போதும்னுட்டேன். அதுல இன்னைக்கும் வருத்தமில்ல. கோட்ட விட்டது அடுத்த கேள்விலதான். "தூரத்துக்கு வச்சிரலாமா, படிக்க மட்டும் கண்ணாடி போட்டுக்குறீங்களா"ன்னு கேட்டாங்க, நானும் சரி டாக்டர்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். படிக்கன்னா ஏதோ புஸ்தகம்னு நினைச்சேன்.

மறுநாள் கட்ட பிரிச்சதும் சுவத்து கடிகாரத்துல செகண்ட் முள்ளு ஓடுறது தெரிஞ்சுது, எனக்கு கண்ணே கலங்கிடுச்சு. ஒவ்வொரு கண்ணா மூடி மூடி பாத்தேன், ஆபரேஷன் பண்ண கண்ணுல வெள்ளை வெள்ளையா இருக்கு, மத்த கண்ணுல அதே சுவரு பழைய பேப்பர் கலர்ல இருக்கு.

ரெண்டு வாரம் கழிச்சு, மத்த கண்ணுல கான்டாக்ட் லென்ஸ் போட்டிருக்கறப்ப, கட்டவிரல்ல ஒரு சிலாம்பு ஏறிடுச்சு. பழக்கதோஷத்துல கை மூக்குக்கு போவுது, கழட்ட அங்க கண்ணாடியே இல்ல. சரின்னு விரல கிட்ட கொண்டு வந்தா மொத்தமா புகைமூட்டம், தள்ளி வச்சா சிலாம்பு கண்ணுக்கே சிக்கல. அப்பதான் புரிஞ்சுது, நம்ம கண்ணோட சொந்த லென்ஸ எடுத்துட்டாங்க, வச்ச லென்ஸ் தூரத்துக்கு செட் ஆயிருக்கு, இனிமே அது அங்கயேதான் நிக்கும். தூரத்துக்கு முழுசா செட் பண்ணாம மைனஸ் 2.5 பவர் மிச்சம் வச்சிருந்தா வெறுங்கண்ணுல 40 செ.மீ. தூரம் பளிச்சுனு தெரிஞ்சிருக்கும், தூரத்துக்கு மட்டும் கண்ணாடி போட்டிருக்கலாம். இப்படி ஒரு வழி இருக்குன்னு யாரும் சொல்லல, எனக்கும் கேக்கத் தெரியல.

நடுவுல இன்னொரு கூத்து. ஒரு கண்ணு சைபர், ஒரு கண்ணு மைனஸ் 7. கண்ணாடி போட்டா அந்தக் கண்ணுல எல்லாம் சின்னதா தெரியும், இந்தக் கண்ணுல பெருசா, படி இறங்கவே தலை சுத்தும். ரெண்டாவது ஆபரேஷன் வரைக்கும் அந்த ஒரு கண்ணுக்கு கான்டாக்ட் லென்ஸ் குடுத்தாங்க. அத வச்சே ஒரு டிரையலும் பண்ணோம், முழுசா கரெக்ட் பண்ணாம 1.5 மிச்சம் விட்டு போட்டுப் பாத்தோம். கணக்கு சிம்பிள்தான், 1 மீட்டர 1.5ஆல வகுத்தா 66 செ.மீ. சொச்சம், கம்ப்யூட்டர் தூரம். புரையோடயே பாத்ததால தெளிவு சுமார்தான், ஆனா ஒரு கண்ணு தூரம் ஒரு கண்ணு கிட்டன்னு இருக்கறது தலைக்கு ஒத்துக்குதான்னு தெரிஞ்சுக்கணும்ல, ஒத்துக்கிச்சு. அப்புறம் திரும்ப அளவெடுக்குறதுக்கு முன்னாடி கான்டாக்ட் லென்ஸ நிறுத்தச் சொன்னாங்க, அது கருவிழி வளைவ கொஞ்சம் மாத்தி வச்சிருக்குமாம், அதோட அளந்தா லென்ஸ் பவர் தப்பாயிருமாம். மறந்து போட்டுட்டுப் போய் ஒருநாள் திரும்பி வந்தேன்.

ரெண்டாவது கண்ணு ஆபரேஷனுக்கு மைனஸ் 1.5 மிச்சம் வைக்கக் கேட்டேன், வந்தது 1.25. கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்னு முதல்லயே சொல்லியிருந்தாங்க. கம்ப்யூட்டர், வண்டி டேஷ்போர்டு எல்லாம் கண்ணாடி இல்லாமலே ஓடுது. மாத்திரை அட்டைல இருக்க பொடி எழுத்துக்கு ரீடிங் கிளாஸ் வேணும். ராத்திரி லாங் டிரைவ் போனா கிட்ட வச்ச கண்ணு கொஞ்சம் இழுக்குது, அதுக்குன்னு ஒரு கண்ணாடி வண்டிலயே கெடக்கு. சிலாம்புக்கு மட்டும் இன்னும் பூதக்கண்ணாடிதான்.