காச்மாரெக் என்றால் வாத்தா?

என் மகளுக்குப் போலந்தின் பொஸ்னான் நகரத்தில் மூன்றாம் வகுப்பில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். வம்சாவளிப் படம் வரைந்து, அம்மா வழி அப்பா வழிக் குடும்பப் பெயர்களுக்கு என்ன பொருள் என்று எழுதி வர வேண்டும். என் பக்கம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதுவே பாஸ்போர்ட்டில் விரிந்து குடும்பப் பெயராக நிற்கிறது. மனைவியின் பக்கத்துக்கு அவளுடைய பாட்டியிடம் போனோம். பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் காச்மாரெக். "காச்கா என்றால் வாத்து. எங்கள் ஆட்கள் வாத்து மேய்த்தவர்கள்" என்றார். மகளும் அப்படியே எழுதி, பக்கத்தில் ஒரு வாத்தும் வரைந்தாள்.

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. காச்கா சரி, மீதி எங்கிருந்து வந்தது? நூலகத்தில் கஜிமியெஷ் ரிமுத்தின் குடும்பப் பெயர் அகராதியைப் புரட்டினேன். போலிஷ் குடும்பப் பெயர்களைத் தேடும் யாரும் முதலில் போய் நிற்கும் இடம் அதுதான். வாத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. கார்ச்மா என்றால் வழிப்போக்கர் தங்கி, குடித்து, சாப்பிட்டுப் போகும் சத்திரம். அதை நடத்துபவர் கார்ச்மாஷ். பேச்சில் 'ர்' தேய்ந்து காச்மாஷ் ஆனது. கடைசியில் ஒட்டிய 'எக்' என்பது 'இன்னாருடைய பையன்' என்று சொல்லும் விகுதி. சத்திரக்காரர் மகன், அவ்வளவுதான்.

இந்த விகுதிகளே ஒரு வரைபடம் மாதிரி. பொஸ்னானைச் சுற்றியுள்ள வியெல்கோபோல்ஸ்காவில் 'அக்', 'எக்' அதிகம். தெற்கே க்ராகூவ் பக்கம் 'இக்', 'சிக்' அதிகம். ஷிமோன் என்பவரின் மகன் இங்கே ஷிம்சாக், அங்கே ஷிம்சிக்.

ஆனால் அகராதி சொல்வது சொல்லின் பொருளை மட்டும்தான். போலந்து முழுக்க காச்மாரெக்குகள் இருக்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் சத்திரம் நடத்தியவர் யார், எந்த ஊரில்? அதற்குப் பதிவேட்டில்தான் பதில் கிடைக்கும்.

முதலில் பாட்டியையே கூட்டிக்கொண்டு குடிமைப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். பிறந்து 100 வருடம் ஆகாத பதிவும், திருமணம், இறப்பு நடந்து 80 வருடம் ஆகாத பதிவும் அங்கேயேதான் இருக்கும். அதற்கு மேல் ஆனவை ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும். சுருக்க நகல் 22 ஸ்லோட்டி, முழு நகல் 33 ஸ்லோட்டி. தேடுகிறவர்கள் முழு நகலே வாங்குங்கள், அதில்தான் விவரம் கூடுதல்.

அடுத்து கல்லறைத் தோட்டம். அங்கே ஒரு கல்லில் 'காச்மார்குஃப்' குடும்பத்துப் பெண் என்று செதுக்கியிருந்தது. வேறு ஏதோ குடும்பம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். இரண்டு வாரம் கழித்துத்தான் மனைவி விளக்கினாள்: அது காச்மாரெக்கின் வேற்றுமை உருபு ஏறிய வடிவம், நடுவில் இருந்த 'எ' விழுந்துவிடும். பழைய பதிவுகளில் மனைவி காச்மார்கோவா, மகள் காச்மார்குவ்னா. மூன்றும் ஒரே பெயர். இது தெரியாமல் தேடினால் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் கைநழுவிப் போவார்கள்.

நடுவில் ஒரு சறுக்கல். 'உங்கள் பெயருக்குரிய பிரபு வம்சச் சின்னம்' என்று இணையத்தில் விற்கும் ஓர் ஆளிடம் பணம் கட்டினேன். அழகான சான்றிதழ் வந்தது, ஆனால் அதில் உண்மை இல்லை. போலந்தில் ஒரே சின்னத்தைப் பல பெயர்க் குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. ஒரே பெயரில் பிரபுவும் இருப்பார், குடியானவரும் இருப்பார். பெயரை மட்டும் வைத்துச் சின்னம் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். குடும்ப வரலாற்றைத் தேடுகிறவர்களின் ஆசையை இப்படிக் காசாக்குவது எனக்கு இன்னும் கோபம் தருகிறது.

அதற்கு நேர்மாறானது பொஸ்னான் புராஜெக்ட் என்ற இணையத் தளம். வூகாஷ் பியெலெத்ஸ்கி தொடங்கியது, தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்தது. 1800 முதல் 1899 வரை இந்த மாகாணத்தில் நடந்த திருமணங்களை இலவசமாகத் தேடலாம். அதில் பாட்டியின் தாத்தா, அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா என்று மூன்று தலைமுறை ஒரே மாலையில் கிடைத்தது.

ஆனால் அந்த மாலைக்கு முன், பாட்டியின் தாத்தாவைப் பிடிக்கத்தான் சிரமப்பட்டேன். 1793-ல் இந்தப் பகுதி பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசின் கைக்குப் போனது. 1874 அக்டோபர் 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பை அரசே பதிந்தது, எல்லாம் ஜெர்மன் மொழியில். பாட்டி சொன்ன தாத்தா பெயர் வோய்ச்செஹ். பதிவில் இருந்ததோ அடால்பெர்ட். வேறு ஆள் என்று ஒதுக்கப் பார்த்தேன். காப்பகத்தில் பக்கத்து மேஜையில் இருந்த பெரியவர்தான் சொன்னார்: வோய்ச்செஹ் என்ற புனிதருக்கு வேறு நாடுகளில் அடால்பெர்ட் என்று பெயர், அதனால் லத்தீனிலும் ஜெர்மனிலும் வோய்ச்செஹ்கள் எல்லாரும் அடால்பெர்ட்தான். அந்த ஒரு வார்த்தை இல்லையென்றால் நான் அங்கேயே நின்றிருப்பேன்.

1800-க்கு முன்னால் போக க்னியெஸ்னோ மறைமாவட்டக் காப்பகத்தில் இருக்கும் லத்தீன் ஏடுகளைப் பார்க்க வேண்டியிருந்தது. பழுப்பேறிய தாள், பாதிரியாரின் சாய்வெழுத்து, ஒவ்வொரு பதிவும் 'மேலே சொன்ன நானே' என்று தொடங்குகிறது. பிரபு என்றால் பெயருக்கு முன் ஒரு அடைமொழி, நகரத்தார் என்றால் வேறொன்று. குடியானவருக்கு 'லபோரியோசுஸ்', அதாவது உழைப்பாளி. நிலமில்லாதவர், தோட்டக்குடி, கொல்லர், எல்லாருக்கும் தனித்தனி லத்தீன் சொல் உண்டு. நான்கைந்து பக்கம் போராடிய பிறகு கண் பழகிவிடுகிறது.

மூன்றாவது நாள் கிடைத்தது. யோசெபுஸ் காச்மாரெக்கின் திருமணம். அப்பா பெயர்: அடால்பெர்துஸ், தொழில் 'தபெர்னாதோர்'. சத்திரக்காரர்! அப்பாவுக்குக் குடும்பப் பெயர் எழுதவில்லை. அவருடைய இறப்புப் பதிவைத் தேடினேன். அதில் அவர் அடால்பெர்துஸ் நோவாக், 'முன்பு சத்திரக்காரர்'. வேறு ஆளாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் அவருடைய மனைவியின் பெயரை ஒப்பிட்டேன்: இரண்டிலும் ஹெத்விகிஸ். ஊரும் அதே ஊர். பிள்ளைகளின் ஞானப் பெற்றோர்களும் பொருந்தினார்கள்.

நோவாக் என்றால் புதிதாக வந்து குடியேறியவர். போலந்திலேயே மிக அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர். வேறெங்கிருந்தோ வந்த மனிதரை ஊர் 'புதுசாக வந்தவர்' என்றது. அவர் சத்திரம் நடத்தியதும் மகனைச் 'சத்திரக்காரர் பையன்' என்றது. சத்திரம் அவருக்குச் சொந்தமாக இருந்திருக்காது. சாராய விற்பனை உரிமை நிலப்பிரபுவுக்கே உரியது, அவர் குத்தகைக்கு விடுவார், குடியானவர்கள் அங்கேதான் வாங்கியாக வேண்டும். குத்தகை கைமாறி, மகன் கூலிக்காரரான பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பாட்டியிடம் அந்த வரிகளை வாசித்துக் காட்டினேன். கார்ச்மாஷ் என்ற சொல்லைக் கேட்டதும் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். சின்ன வயதில் உருளைக்கிழங்கு தோண்டப் போன வயலுக்கு ஒரு பெயர் உண்டாம், கார்ச்மிஸ்கோ. சத்திரம் இருந்த இடம் என்று அர்த்தம். ஏன் அந்தப் பெயர் என்று பாட்டி தன் அம்மாவைக் கேட்டதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மூன்று பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டு மண் பாதைகள் சேரும் இடத்தில் பாட்டி நிறுத்தச் சொன்னார். இப்போது அங்கே சர்க்கரைக் கிழங்கு போட்டிருக்கிறார்கள். மகள் வரப்போரமாக ஒரு செங்கல் துண்டைப் பொறுக்கி பாட்டி கையில் கொடுத்தாள். அவர் அதில் இருந்த மண்ணை விரலால் தட்டிவிட்டு, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.