நந்தி விலகிய திருப்புன்கூர்

வைத்தீஸ்வரன்கோயிலில் இறங்கினால் தெருவுக்குத் தெரு நாடி ஜோசியப் பலகைதான். வேலை எப்போது, கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது என்று கேட்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அந்தச் சந்தடியைத் தாண்டி மேற்கே ஒரு மூன்று கிலோமீட்டர் போனால் திருப்புன்கூர். அம்மாவும் நானும் போன அன்று அங்கே கூட்டமே இல்லை.

வேண்டுதல் தம்பிக்காக. பரீட்சையில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பும் முடிந்து, பணி ஆணை மட்டும் வராமல் இழுத்துக்கொண்டிருந்தது. ஆபீஸில் கேட்டால் “ஃபைல் மேலே போயிருக்கு” என்பார்கள். அம்மாவைக் கேட்டால் “கொடுக்கிற நேரத்துல அவன் கொடுப்பான்” என்பாள். உண்மையைச் சொன்னால் எனக்கு இரண்டும் ஒரே பதிலாகத்தான் கேட்டன.

நந்தியின் கொம்புகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தே நமக்குப் பழக்கம். இங்கே அது தேவைப்படவில்லை. நல்ல பெரிய நந்தி, அழகான நந்தி. ஆனால் சன்னதிக்கு நேராக இல்லாமல் ஒதுங்கிப் படுத்திருக்கிறது. வாசலிலிருந்து பார்வை தடையில்லாமல் உள்ளே போகிறது. குருக்கள் கற்பூரம் காட்டியபோது புற்று லிங்கமான சிவலோகநாதர் தூரத்திலிருந்தே தெரிந்தார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, திரும்பி நந்தியையும் ஒருமுறை தொட்டுக் கும்பிட்டாள். “பெரிய மனசுப்பா உனக்கு” என்றாள் அதனிடம்.

நந்தி விலகியது நந்தனாருக்காக. பிறந்த சாதியால் கோயிலுக்குள் விடப்படாத நாயன்மார் அவர். கொள்ளிடக் கரை ஆதனூரில் பிறந்தவர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்துவந்தவர். அவர் கொடுத்த தோலில் எழுந்த முழக்கம் கருவறை வரை போகும்; கொடுத்தவர் மட்டும் வாசலோடு சரி. அப்படி வாசலில் நின்று ஏங்கியவருக்காக இறைவன் நந்தியை விலகச் சொன்னான் என்கிறார் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். தில்லைக்குப் போகவிடாமல் தடுத்த பண்ணையார், ஒரே இரவில் விளைந்த நெல் என்று நாம் கேட்டு வளர்ந்ததெல்லாம் பெரியபுராணத்தில் கிடையாது, கோபாலகிருஷ்ண பாரதியார் பின்னாளில் தன் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் சேர்த்தது. சேக்கிழார் சொல்லும் நந்தனாரைத் தடுத்து வைக்க ஒரு பண்ணையார் தேவைப்படவில்லை. ஊர் வழக்கமே போதுமானதாக இருந்தது.

தில்லைக்கு, அதாவது சிதம்பரத்துக்குப் போக அவர் பட்ட தவிப்பைச் சேக்கிழார் சொல்லும் இடத்தில்தான் நான் எப்போதும் நின்றுவிடுவேன். இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும், நம் பிறப்புக்கு இது பொருந்தாதே என்று நினைக்கிறார். “இதுவும் எம்பெருமான் ஏவல்” என்று தன்னைத் தேற்றிக்கொண்டு பயணத்தை விடுகிறார். மறுபடியும் ஆசை பொங்க, நாளைப் போவேன் என்கிறார். தாமதத்தையும் ஆண்டவன் கட்டளை என்று ஏற்றுக்கொண்ட அந்த மனசை நினைத்தால் கண் கலங்குகிறது. ஆனால் திருப்புன்கூரில் நின்று யோசித்தால் ஒன்று இடிக்கிறது. இங்கே இறைவன் நேரம் காலம் எதுவும் பார்க்கவில்லை. பக்தன் வந்து நின்றான், காளை நகர்ந்தது, அவ்வளவுதான். அப்படிப்பட்டவனா தில்லைக்கு மட்டும் நாள் கடத்தியிருப்பான்? கடத்தியவர்கள் மனிதர்கள். கடைசியில் அவனே கனவில் வந்து அழைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் நெருப்பில் இறங்கித்தான் அவர் உள்ளே போக முடிந்தது. அந்த நெருப்பை அருள் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. சேக்கிழார் பாடி ஏழு நூற்றாண்டுக்கு மேல் ஆகி, 1939 ஜூலை 8 அன்றுதான் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயரோடு ஒடுக்கப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அந்தத் தாமதத்தை எந்தச் சாமியின் கணக்கில் எழுதுவது?

ஆண்டவன் பதில் சொல்ல ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் இதே ஊரில் ஒரு கதை உண்டு. சுந்தரர் இத்தலத்துப் பதிகத்தில் பாடியது. மழை பொய்த்து வயல் காய்ந்தபோது, மழை பெய்தால் நிலம் தருகிறோம் என்று வேண்டிக்கொண்டார்கள். பெய்தது. பெய்துகொண்டே இருந்தது. வெள்ளத்தை நிறுத்தச் சொல்லி மறுபடியும் பன்னிரண்டு வேலி, அதாவது ஏறத்தாழ 80 ஏக்கர், கொடுக்க வேண்டியதாயிற்று. இதைச் சொன்னதும் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். “அளவாக் கேக்கணும்டா” என்றாள்.

அப்புறம் குளத்தடிக்குப் போனோம். தரிசனம் கிடைத்த கையோடு நந்தனார் ஊருக்குத் திரும்பிவிடவில்லை. பக்கத்தில் ஒரு பள்ளத்தைப் பார்த்து, அதையே குளமாக வெட்டினார் என்பது பெரியபுராணம். ஒற்றை ஆள் என்று பிள்ளையாரும் கூட வந்து வெட்டினார் என்பது ஊர்க்கதை. குளம் வெட்டிய விநாயகர் என்றே அவருக்குப் பெயர். ஆசைப்பட்ட தில்லை இன்னும் எட்டாமல் இருந்த காலத்தில் செய்த வேலை இது. காத்திருந்தவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் விபூதிப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு என் போனை வாங்கித் தம்பியைக் கூப்பிட்டாள்.

“சாமிகிட்ட நான் சொல்லிட்டேன்டா. நீ திங்கக்கிழமை அந்த ஆபீஸுக்கு நேர்லயே போய், யாரு மேசைல ஃபைல் கிடக்குன்னு பேரைக் கேட்டுக்கிட்டு வா. வாயால கேக்காத, மனுவா எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்க.”